கயிறு யார் கையில்? முத்துக்குளித்துறையும் நமது சமூக அறிவியலும்

ஆசிரிய வேலைக்கு வந்த ஆரம்ப வருஷங்களில், தூத்துக்குடியில் நான் திருத்திய ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 'கொற்கை: குறிப்பு வரைக' என்பது கேள்வி. பாண்டியர் துறைமுகம், முத்து, ரோமானிய வணிகம் என்று மூன்று வரி எழுதினால் முழு மதிப்பெண். கடற்கரைத் தெருவிலிருந்து வந்த அந்தப் பையன் நாலாவதாக ஒரு வரி எழுதியிருந்தான்: 'எங்க தாத்தா கடல்ல குளிக்கும்போது படகுல கயிறு புடிச்சது எங்க பாட்டியோட அண்ணன்தான்.' சிவப்பு மையால் அதை அடித்து, 'கேட்டதை மட்டும் எழுது' என்று ஓரத்தில் குறித்தேன். அந்தத் தாளில் சமூகத்தைப் பற்றி இருந்த ஒரே வாக்கியத்தை அடித்துவிட்டேன் என்பது உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

கல்லின் பாரத்தில் கீழே இறங்குகிறவனின் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் சொல்லப்பட்டுவரும் வழக்கம். கை தவறினால் அறுவது தன் தங்கச்சி தாலி என்பதால் அவன் அசரமாட்டானாம். உறவுமுறை, உழைப்பு, நம்பிக்கை எல்லாம் அந்தக் கயிற்றில் முறுக்கேறிக் கிடக்கின்றன. ஆணின் உயிருக்குப் பெண்ணின் தாலியை ஈடு வைக்கும் ஆணாதிக்க ஏற்பாடும் கூடவே இருக்கிறது. 'மனித சமூகங்களைப் படித்தல்' என்றால் வேறென்ன?

நமது பாடங்கள் முத்தை ஒரு பெருமிதக் கதையாடலாகக் கட்டமைக்கின்றன. ரோமானிய வணிகத்துக்கு நாம் சான்று காட்டும் முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் என்னும் கிரேக்கப் பிரதி, கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகவும் சொல்கிறது. பெருமை பாடத்துக்குள் வந்தது, கைதி வெளியே நின்றுவிட்டான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதுகிறார். 1530களில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி ஞானஸ்நானம் பெற்றார்கள். சவேரியார் வந்தது 1542இல். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது, பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். முத்துப்பார் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் அரசு, மதம், சாதி, உலகச் சந்தை நான்கும் மோதிக்கொண்ட கடல் இது.

இந்தக் கடலைப் பாடநூல் மீனைப்போல நாலு துண்டாக வெட்டுகிறது. முத்து வரலாற்றில். 1989இல் உயிர்க்கோளக் காப்பகமான மன்னார் வளைகுடா புவியியலில். உரிமைகள் குடிமையியலில். உலகமயமாதல் பொருளியலில். குளித்தவன் எந்தத் துண்டிலும் இல்லை. 2018 மே 22இல் இதே ஊரில் தாமிர உருக்காலையை எதிர்த்துப் போனவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அது குடிமையியலா, பொருளியலா, புவியியலா? இப்படித் துண்டுபோட்ட அறிவுக்கு அந்தச் சாவுகளை வைக்க இடமில்லை. 'உலகப் பிரச்சினை' என்பது எங்கோ தூரத்தில் நடப்பது என்று நம் பிள்ளைகள் நினைப்பதில் ஆச்சரியமென்ன?

சக ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால், 'அதெல்லாம் பப்ளிக் பரீட்சைக்கு வராது சார்' என்பார்கள். நியாயமான இன்னொரு மறுப்பும் உண்டு. உள்ளூர் வரலாறு என்று ஆரம்பித்தால் அது கடைசியில் சாதிப் பெருமையில் போய் முடியாதா? முடியும், தாத்தாவை வீரனாக்கி நிறுத்திக்கொண்டால். நான் கேட்பது அதுவல்ல. கயிறு பிடித்தவனுக்குப் பங்கு எவ்வளவு, கரையில் நின்ற பாட்டியை யார் கேட்டார்கள், 1961க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு ஏன் நடக்கவில்லை, அந்தக் குடும்பங்கள் என்ன வேலைக்குப் போயின என்று வகுப்பில் கேட்கவேண்டும். கேட்டால் பெருமையும் கேள்விக்குள்ளாகும், நம்முடையதும் சேர்த்து.

அந்தப் பையனுக்கு அன்று முழு மதிப்பெண்தான் போட்டேன், முதல் மூன்று வரிகளுக்கு.