மடங்காத கை

வலக்கையை நீட்டி, மணிக்கட்டை ஆசிரியரின் தோள்மேல் வைத்தேன். அவர் என் முழங்கையை இரண்டு கையாலும் பற்றிக் கீழே இழுத்தார். முஷ்டியை இறுக்கி, பல்லைக் கடித்து எதிர்த்துப் பார்த்தேன். கை மடங்கிவிட்டது. "விரலைப் பிரியுங்க. விரல்நுனி வழியா எதிர்ச்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணி பாயறதா நினைங்க" என்றார். இரண்டாம் முறை அவர் முகம்தான் சிவந்தது.

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவின் கூடங்களில் புதியவர்களுக்குக் காட்டும் பழைய வேடிக்கை இது. உடலியல் படித்தவர், உயிராற்றலைக் குறிக்கும் 'கி' என்ற சொல்லே இல்லாமல் விளக்கிவிடுவார்: முஷ்டியை இறுக்கினால் கையை மடக்கும் தசையும் சேர்ந்து இறுகி, இழுப்பவருக்கே ஒத்தாசை செய்கிறது. சரிதான். ஆனால் அந்தத் தசையைத் தளரச் சொன்னால் தளர்வதில்லை. தண்ணீரை நினைத்தால் தளர்கிறது. மனமும் உடலும் ஒன்றுபடுவது என்று இவர்கள் சொல்வதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். ஒன்றுபட்டதா இல்லையா என்று யார், எதைக் கொண்டு அளப்பது? ஐகிடோவின் கிளைகள் பிரிந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிறுவனர் உவேஷிபா மொரிஹெய் (1883–1969) அளவுகோல் எதையும் விட்டுச் செல்லவில்லை. 1915-ல் ஹொக்கைடோவில் தகேதா சொகாகுவிடம் தைத்தோ-ரியூ ஜுஜுத்சு பயின்றவர். பிறகு ஒமோதோ சமயத்தில் ஆழ்ந்தவர். 1931-ல் டோக்கியோவில் அவர் திறந்த கூடத்துக்கு, பயிற்சியின் கடுமையால், 'நரகக் கூடம்' என்றே பட்டப்பெயர். அவர் பாடம் சொன்னதோ ஷிந்தோ தெய்வங்களின் மொழியில். பாதி புரியவில்லை என்று சீடர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள்.

அவர்களில் புரியும்படி சொல்ல முனைந்தவர் தோஹெய் கோயிச்சி. நகமுரா தெம்புவிடமும் பாடம் கேட்டவர் இவர். தெம்பு, தாமே சொல்லிவந்தபடி, காசநோயோடு அலைந்து இமயமலைப் பக்கம் ஒரு யோகியிடம் தேறியவர். மனம் முன்னே போக உடல் பின்னே வரும் என்பது அவர் பாடம். தோஹெய் அதை நான்கு விதிகளாக்கினார்: அடிவயிற்றில் ஒரு புள்ளியில் மனத்தை நிறுத்துவது, முழுக்கத் தளர்வது, உடலின் எடையைக் கீழ்ப்பக்கம் இருக்க விடுவது, கியை வெளியே செலுத்துவது. 1971-ல் கி சங்கத்தைத் தொடங்கியவர், 1974-ல் தாய் அமைப்பான ஐகிகாயைவிட்டு விலகி, தம் கலைக்கு 'மன உடல் ஒருமை' என்று பொருள்படும் 'ஷின்ஷின் தோயித்சு' என்ற அடைமொழியைச் சேர்த்தார். வீழ்த்தும் நுட்பங்களோடு கி தேர்வும் அங்கே உண்டு. நிற்பவரின் மார்பில் விரல்களை வைத்து மெல்லத் தள்ளுவார்கள், அசையக்கூடாது. அழகான தேர்வு. ஆனால் அளவுகோல் தள்ளுகிறவரின் விரலில் இருக்கிறது. அவர் நம்மேல் பிரியமுள்ளவராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

தோமிகி கென்ஜிக்கு இந்தச் சந்தேகம் முன்பே வந்திருக்க வேண்டும். ஜூடோவிலிருந்து உவேஷிபாவிடம் வந்தவர், வசேடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். விட்டுக்கொடுக்காத எதிராளி இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது என்று போட்டியைக் கொண்டுவந்தார். ஒருவர் கையில் மெத்தென்ற போலிக் கத்தி, மற்றவர் வெறுங்கை. போட்டியே கூடாது என்ற உவேஷிபாவின் எண்ணத்துக்கு இது நேர் எதிர். புள்ளி என்று வந்ததும் தோள்கள் பழையபடி இறுகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். என்றாலும் தோமிகியின் நேர்மை எனக்குப் பிடிக்கும். தோற்றால் தோற்றோம் என்று தெரிந்துவிடுகிறது.

நரகக் கூடத்தில் வளர்ந்த ஷியோடா கோஸோ 1955-ல் யோஷின்கானைத் தொடங்கினார். அங்கே அளவுகோல் வடிவம்தான்: நிற்கும் நிலையும் அடிப்படை அசைவுகளும் அங்குலம் பிசகாமல் அமைய வேண்டும். டோக்கியோ கலவரத் தடுப்புப் போலீசார் பயில்வது இந்தக் கிளையில்தான்.

ஐகிகாயில் போட்டி இல்லை, விரல் தேர்வும் இல்லை. தேர்வாளர் முன்னால் நுட்பங்களைச் செய்துகாட்ட வேண்டும். அதற்குமுன், போன தேர்விலிருந்து எத்தனை நாள் பாயில் இறங்கினோம் என்ற கணக்கு குறிப்பேட்டில் நிரம்பியிருக்க வேண்டும். மனமும் உடலும் ஒன்றுபட்டதா என்று அந்தக் குறிப்பேடு கேட்பதில்லை. நான் பயில்வது இந்தக் கிளையில். மழைக்காலத்தில் நிறைய மட்டம் போட்டுவிட்டேன். அடுத்த தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள் பாக்கி.