22 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மதராஸ் ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு முழு வட்டம் அடித்துத் திரும்ப 25 அடி அகலம் போதும். மீட்டர் கணக்கில் சுமார் 7.6. இன்று தெருவுக்குத் தெரு நிற்கும் ஸ்விஃப்டுக்கு 9.6 மீட்டர் வேண்டும். சின்னக் கார் என்று பெயரெடுத்த நானோவுக்கே 8 மீட்டர். கேரளத்தில் வித்துராவிலிருந்து கல்லாறு தாண்டிப் பொன்முடி மலைக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பழைய காரை வைத்துக்கொண்டு மலை ரேலிக்குப் போக நினைப்பவர், குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த 25 அடியைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதைச் சோதிக்கத்தான் நாகர்கோவில் நண்பர் ஒருவரின் இரண்டு கதவு ஹெரால்டை நெடுமங்காடு வழியாக வித்துராவுக்குக் கொண்டுபோனோம்.

இது நம் ஊர் வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூர் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் செய்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. 948 சிசி என்ஜின், சுமார் 800 கிலோ எடை. அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டியரிங் தண்டில் கியர் வைத்திருந்த காலத்தில் இதற்குத் தரையில் கியர். ஸ்டியரிங் ரேக் அண்ட் பினியன். நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்.

நம் நாட்டில் பழைய கார் ரேலி என்றால் பெரும்பாலும் ஊர்வலம்தான். டெல்லியில் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964-ல் தொடங்கியது முதல் அந்த மரபு நன்றாக வேரூன்றிவிட்டது. வண்டியைத் துடைத்து மெருகேற்றி, மாலை போட்டு, நகரத்துக்குள் ஒரு சுற்று. அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் காரின் உண்மையான குணம் தெரிவது டி.எஸ்.டி. என்னும் நேரம்-வேகம்-தூரம் ரேலியில். சராசரி வேகத்தை அமைப்பாளர்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். வழியில் எங்கே கடிகாரத்தோடு ஆள் உட்கார்ந்திருப்பார் என்பது போட்டியாளருக்குத் தெரியாது. தாமதமாகப் போனாலும் அபராதம், முந்திப் போனாலும் அபராதம். பல ரேலிகளில் முந்தினால்தான் அபராதம் கூடுதல். 1 லட்ச ரூபாய் வண்டியும் 1 கோடி வண்டியும் சமமாக நிற்கக்கூடிய போட்டி இது. சிறிய வண்டி பெரிய வண்டியை மலையில் வெல்லும் என்பதற்கு 1964 மான்டி கார்லோவில் பேடி ஹாப்கர்க் ஓட்டிய மினி கூப்பரே சாட்சி.

ரேலி விதிப்படியே ரோடு புக் எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சிறு படம்: அடியில் புள்ளி, போக வேண்டிய திசையில் அம்பு. நெதர்லாந்தின் டியூலிப் ரேலியில் பிறந்த முறை இது. அதனால் இந்தப் படங்களையே ‘டியூலிப்’ என்கிறார்கள். நேவிகேட்டராக நண்பரின் மகள் உட்கார்ந்தாள். கல்லூரி மாணவி, கணக்கில் கெட்டி. மலைச் சாலைக்குச் சராசரி மணிக்கு 24 கிலோமீட்டர் என்று வைத்தோம். கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம், 100 மீட்டருக்கு 15 விநாடி. இந்த வாய்ப்பாட்டை அவள் மடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள்.

“மாமா, எட்டு செகண்டு முந்திட்டோம். அந்த வளைவுல கொஞ்சம் விட்டுப் பிடிங்க.”

எட்டு விநாடி என்றால் ஏறத்தாழ 53 மீட்டர். ஒரு கொண்டை ஊசியை நிதானமாகச் சுற்றினால் சரியாகிவிடும். ஹெரால்டு இந்த இடத்தில்தான் மனதைக் கொள்ளை கொண்டது. அகலமான வண்டிகள் வளைவின் வெளி ஓரம் வரை போய், எதிர்ச்சாரியைக் கடன் வாங்கித் திரும்புகின்றன. எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் இறங்கிவந்தால் நின்றுவிட வேண்டியதுதான். போனது போனதுதான் அந்த இருபது விநாடி. ஹெரால்டோ தன் பக்கத்தை விட்டு நகராமலே முழுதாகத் திரும்பிவிடுகிறது. தூண்கள் மெல்லியவை, கண்ணாடிகள் பெரியவை. அடுத்த வளைவுக்கு வரும் வண்டியைத் தலையைத் திருப்பினாலே பார்த்துவிடலாம். ஒரே வேகத்தைக் காப்பாற்ற வேண்டிய போட்டியில் இது கூடுதல் 20 குதிரைத்திறனைவிடப் பெரிய வரம்.

ஏற்றத்தில் செகண்ட் கியர் பெரும்பாலும் போதும். உள்பக்கம் செங்குத்தாக ஏறும் சில வளைவுகளில் மட்டும் ஃபர்ஸ்ட் கேட்கும். அங்கேதான் சிக்கல்: இந்த கியர்பாக்ஸில் ஃபர்ஸ்டுக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படியே தள்ளினால் பல்லைக் கடிக்கும் சத்தம் வரும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து ஃபர்ஸ்டில் போட வேண்டும். பழைய லாரி ஓட்டுநர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. புதியவர்கள் ரேலி நாளன்று கற்றுக்கொள்ள நினைக்காதீர்கள். சமதளத்தில் கை படியும்வரை பழகிவிட்டு மலைக்கு வாருங்கள்.

இறக்கம் வேறு கதை. ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். குறுக்கே போட்ட ஒரே பிளேட் ஸ்பிரிங்கில் இரண்டு பக்க ஆக்சிலும் ஊசலாடும். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், வண்டியின் பின்பாகம் தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து பிடிமானம் போகும். பின்பக்கம் சுழன்று வரும். மழை பெய்த பொன்முடிச் சாலையில், மஞ்சு இறங்கிய நேரத்தில் இதைச் சோதிக்கக் கூடாது. வழி எளிது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலேட்டரில் லேசான, மாறாத அழுத்தம் இருக்கட்டும். டிரம் பிரேக் ஆகையால் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். செகண்டில் போட்டு என்ஜினைப் பிடிக்க விட்டால் கீழே கல்லாறு வரை பிரேக் உங்கள் பேச்சைக் கேட்கும்.

தூரத்தை அளக்க போனில் ஒரு ரேலி மீட்டர் ஆப் போட்டிருந்தோம். நெடுமங்காடு வரை அது பிரமாதம். மலையில் ஏமாற்றுகிறது. ஜி.பி.எஸ். விட்டுவிட்டுத்தான் இடத்தைக் குறிக்கிறது. குறித்த புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்துத் தூரம் சொல்கிறது. கொண்டை ஊசியின் வளைவை அது குறுக்கே வெட்டிவிடும். மரங்கள் அடர்ந்த இடங்களில் புள்ளியே தடுமாறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் சில மீட்டர் குறைந்தால்கூட, உச்சிக்குப் போவதற்குள் கணிசமான விநாடிகள் கைவிட்டுப் போயிருக்கும். ஆகவே மைல்கல்லையும் ரோடு புக் அடையாளங்களையும் பார்த்து அவ்வப்போது மீட்டரைத் திருத்திக்கொண்டே வாருங்கள். போன் சார்ஜருக்கு வண்டியின் மின்சாரத்தை நம்பாதீர்கள். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். இன்றைய கருவியை அப்படியே இணைத்தால் கருகிவிடும். பவர் பேங்க் போதும்.

வெப்பம் இன்னொரு எதிரி. குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஏறும்போது பானெட்டுக்குள் சூடு தேங்குகிறது, மெக்கானிக்குகள் ‘ஏ.சி. பம்ப்’ என்று சொல்லும் பெட்ரோல் பம்பில் ஆவி கட்டிக்கொண்டு வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைச் சுற்றுவது பழைய வைத்தியம், இன்றும் வேலை செய்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயாஃப்ரத்தையும் அது உப்பவைத்துக் கெடுக்கும். மலைக்கு வரும் முன் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். எதுவானாலும் வழியில் சரிசெய்ய ஹெரால்டைவிட வசதியான கார் இல்லை. முகப்பு, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாகம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கிறது. முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே பாயிண்டைத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் கேட்பார்கள், எங்கள் வண்டிக்கு என்ன குறை என்று. குறையில்லை. 1089 சிசி என்ஜின் நன்றாக இழுக்கும், பின் ஆக்சில் நம்பகமானது, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். சமவெளி ரேலிக்கு நான் பத்மினியைத்தான் எடுப்பேன். ஹெரால்டின் பாகங்கள் பலவற்றை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். வரவழைக்கும் செலவு கையைக் கடிக்கும். மலைக்கு மட்டும் என் ஓட்டு ஹெரால்டுக்கு.

சட்டமும் ரேலிக்குத் துணையாகவே இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு, ரேலி ஆகியவற்றுக்கு ஓட்டலாம். சாலையில் ஓட அனுமதி தரும் காரணங்களில் ஒன்றாக ரேலி இருக்கும்போது, அதை வெறும் ஊர்வலமாகவே நடத்திக்கொண்டிருப்பது பெரிய இழப்பு. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டியையே நடத்திக் காட்டிய மலை பொன்முடி. வித்துராவில் தொடங்கி உச்சியில் முடியும் ஒரு நேரக்கணக்கு ரேலியைத் திருவனந்தபுரம், நாகர்கோவில், மதுரை கார் சங்கங்கள் சேர்ந்து நடத்த முன்வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை மூடுவதுண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம்.

ஹெரால்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயிண்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்து சேசிஸைப் பாருங்கள். பாடி தனி, சேசிஸ் தனி. பாடியின் ஒவ்வொரு பகுதியையும் போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம், துருவேறிய சேசிஸை அப்படி மாற்ற முடியாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.