நீலத்தின் பெயரும் நீலத்தின் உழைப்பும்

அஜ்ரக் துணியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் வடிவங்களில் தொடங்கி வடிவங்களிலேயே முடித்துவிடுகின்றனர். உயிருருவம் தவிர்த்த வட்டமும் விண்மீனும் எல்லையின்றி விரிவதை இறையொருமையின் குறியீடாக விளக்குவது வழக்கமாகிவிட்டது. இவ்விளக்கம் தவறன்று, ஆயினும் போதாது. கோலத்தை மட்டும் மதிப்பிடும் விமர்சனம், நிறத்தைத் தந்தவர்களை மறந்துவிடுகிறது.

சிந்திலும் கச்சிலும் கத்ரி முஸ்லிம்கள் பேணிவரும் இக்கலையின் பெயரை, நீலத்தைக் குறிக்கும் ‘அஸ்ரக்’ என்ற அரபுச் சொல்லோடு இணைத்துக் கூறுவர். சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை அச்சுக்கட்டையால் ஒற்றினால் அவ்விடத்தில் நீலம் ஏறாது. படிகாரம் பதிந்த இடம் மஞ்சிட்டியில் சிவக்கும். இரும்புக் கரைசல் பதிந்த இடம் கருக்கும். காப்பற்ற வெளி நீலத் தொட்டியில் தோயும். நாம் வியக்கும் வடிவம், சாயங்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்த எல்லையே அன்றி வேறன்று.

எகிப்தில் கிடைத்த இந்திய அச்சுத் துணிகள் இம்மரபின் தொன்மைக்குச் சான்று. ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்திலுள்ள நியூபெரி தொகுப்பை ரூத் பார்ன்ஸ் 1997இல் நூலாக வெளியிட்டார். அத்துணிகளோடு சொல்லும் பயணம் செய்தது. வடமொழி ‘நீல’ அரபியில் ‘அந்நீல்’ ஆகி, போர்ச்சுகீசியத்தில் ‘அனில்’ ஆயிற்று. அவுரிச் சாயத்தைக் காய்ச்சி வடித்துப் பெற்ற பொருளுக்கு ‘அனிலின்’ என்று பெயரிட்டனர். அப்பெயரே பின்னர் செயற்கைச் சாயத் தொழிலின் அடையாளமானது வரலாற்றின் நகைமுரண்.

இக்கதையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. பழைய தென்னார்க்காடு 19ஆம் நூற்றாண்டில் அவுரிக்குப் பெயர்பெற்றிருந்தது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தபின் அச்சாகுபடி சுருங்கியது, முற்றாக மறையவில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் விளைகிறது. தழையைத் தொட்டியில் ஊறவைத்து, நீரைக் கடைந்து காற்றேற்ற, பசுமஞ்சள் நீர் நீலமாகிறது. அடியில் தங்கிய வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, வில்லைகளாக வெட்டி உலர்த்துகின்றனர். எஞ்சிய தழை வயலுக்கு எருவாகிறது. தமிழகத்து அவுரி கச்சின் சாயத்தொட்டிகளுக்கும் செல்கிறது.

2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் உருவான அஜ்ரக்பூரை இன்று உலகம் அறியும். கச்சு அஜ்ரக் 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. இது தகுதியான பெருமையே. ஆனால் புவிசார் குறியீடு ஓர் ஊரைத்தான் சுட்டும். துணியோ பல ஊர்களின் கூட்டுப் படைப்பு. சாயத்தொட்டியில் இறங்கி நீரைக் கடைந்த கூலியாளின் பெயர் எந்தக் கண்காட்சிச் சீட்டிலும் இடம்பெறுவதில்லை.

‘இயற்கைச் சாயம்’ என்ற சொல்லையும் ஐயமின்றி ஏற்கலாகாது. 1859இல் வங்க உழவர்கள் கிளர்ந்ததும், 1917இல் சம்பாரணில் காந்தியடிகள் விசாரணை நடத்தியதும் இதே இயற்கை அவுரியின் பெயரால் நிகழ்ந்த கொடுமைகளை எதிர்த்தே. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு நிறம் நீதியுடையதாகிவிடாது.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபிமொழியை நாம் அறிவோம். இஸ்லாமியக் கலை என்று ஒரு துணியைப் பாராட்டும்போது, அதன் வடிவத்தில் தவ்ஹீதைத் தேடுவதோடு நில்லாமல், அதன் கொடுக்கல் வாங்கலில் அத்லையும் தேடவேண்டும். அவுரியின் விலை எவ்வளவு, கடைந்தவர் கூலி எவ்வளவு என்னும் கேள்விகள் கலை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. அங்கிருந்துதான் அது தொடங்கவேண்டும்.