'தானே கற்றவர்' என்னும் அடைமொழி: தார்ண்டன் டயலின் பின்னோக்குக் கண்காட்சியை முன்வைத்து

1993இல் நியூயார்க்கில், தார்ண்டன் டயல் என்ற கறுப்பினக் கலைஞரின் வேலைகள் ஒரே நேரத்தில் இரண்டு அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. ஒன்று நாட்டுப்புறக் கலைக்கானது, மற்றது சமகாலக் கலைக்கானது. ஆள் ஒருத்தர்தான், கைகளும் அதே இரண்டு கைகள்தான். ஆனால் அவரை எந்த அலமாரியில் அடுக்குவது என்று நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. இதை வெறும் நிர்வாகக் குழப்பமாக நான் பார்க்கவில்லை. எது கலை, எது கைவேலை என்று பிரித்து வைக்கிற அதிகாரத்தின் சாயம் வெளுத்த இடம் அது.

டயல் 1928இல் அலபாமா மாநிலத்தின் எமெல் என்ற சிற்றூரில் பிறந்தவர். பருத்திக் காட்டில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு பேருக்குத்தான். பெஸ்ஸெமர் நகரில் ரயில் பெட்டிகள் செய்துவந்த புல்மன் ஸ்டாண்டர்ட் ஆலையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இரும்பு வேலை செய்தார். 1981இல் ஆலையை மூடிவிட்டார்கள். 1980களின் பிற்பகுதியில், லோனி ஹோலி என்ற இன்னொரு கறுப்பினக் கலைஞர் வழியாக, வில்லியம் ஆர்னெட் என்ற வெள்ளைச் சேகரிப்பாளர் டயலைத் தேடி வந்தார். அதுவரை தான் செய்கிற பொருள்களுக்குக் 'கலை' என்று ஒரு பேர் இருப்பதாக டயல் நினைக்கவில்லை. சிலவற்றைப் பிரித்து வேறொன்று செய்தார், சிலவற்றை மண்ணில் புதைத்தார்.

'கடும் உண்மைகள்' என்ற பெயரில் அவரது பின்னோக்குக் கண்காட்சி 2011இல் இண்டியானாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கியது. ஜோன் கப்ஸ் தொகுத்தது, சுமார் 70 வேலைகள். பிறகு நியூ ஆர்லியன்ஸ், சார்லட், அட்லாண்டா என்று தென்மாநில நகரங்களுக்குப் போனது. நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகம் எதுவும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னோக்குக் கண்காட்சி ஒரு கலைஞருக்கு என்ன தருகிறது? காலத்தைத் தருகிறது என்பேன். 'வெளியாள் கலை' என்ற பெட்டிக்குள் போடப்பட்டவருக்குக் காலம் கிடையாது. அவர் செய்வதெல்லாம் 'இயல்பாக' ஊறி வருவது, அதில் யோசனையோ திருத்தமோ தேர்வோ இல்லை என்பது பொதுப்புத்தி. வேலைகளை ஆண்டுவாரியாக நிறுத்தியதும் இந்தக் கதையாடல் குலைகிறது. ஆரம்ப ஓவியங்களில் திரும்பத் திரும்ப ஒரு புலி வருகிறது, பிழைத்துக் கிடக்கப் போராடும் கறுப்பு மனிதனின் உருவமாக. பத்தாண்டு கழித்து ஓவியமும் சிற்பமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுகின்றன. பலகையிலிருந்து முள்கம்பியும் பொம்மைக் கார்களும் புடைத்து வெளியே வருகின்றன, 2004இல் செய்த வேலைக்கு 'ஈராக்கில் வெற்றி' என்று எகத்தாளமாகப் பேர் வைக்கிறார். இதை எல்லாம் 'இயல்பு' என்று சொல்லிவிட முடியுமா?

2003இல் செய்த ஒன்றைப் பாருங்கள். கொடி எவ்வளவு கந்தலானாலும் அதுதான் நம்மைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கு என்கிற அர்த்தத்தில் நீளமான தலைப்பு. அமெரிக்கக் கொடியின் பட்டைகள். ஆனால் அந்தப் பட்டைகள் மெத்தைச் சுருள்கம்பி, கோழிவலை, பழந்துணி, தகர மூடி. கண்காட்சி நூலின் படங்களில் இதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் பட்டது கொடி அல்ல, கம்பியை வளைத்துக் கட்டியிருக்கிற விதம். இரும்போடு பழகிய கை அது. கொடியைப் பழிப்பதா, ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதா என்ற இழுபறி அந்தக் கட்டுக்களிலேயே இருக்கிறது.

இங்கேதான் 'தானே கற்றவர்' என்ற அடைமொழியோடு எனக்குச் சண்டை. ஓவியப் பள்ளிக்குப் போகாதவர் எவரிடமும் கற்காதவர் என்று யார் சொன்னது? ஆலை கற்றுக்கொடுத்தது. பழைய சாமான்களை வாசலில் அடுக்கிப் பொருள் சொல்லும் தென்மாநிலக் கறுப்பர் வழக்கம் கற்றுக்கொடுத்தது. அதே அலபாமாவில் கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள், தேய்ந்த வேலைத்துணிகளை வெட்டித் தைத்த ஒட்டுப்போர்வைகள் இருக்கின்றன. பழந்துணியை வண்ணமாகவும் ஞாபகமாகவும் ஒரே சமயத்தில் பயன்படுத்துகிற முறையில் டயலும் அந்தப் பெண்களும் ஒரே பள்ளிக்காரர்கள். 'தானே கற்றவர்' என்ற புகழ்ச்சி இந்தக் கூட்டுக் கல்வி முழுவதையும் அழித்துவிடுகிறது.

பின்னோக்குக் கண்காட்சி இதைச் சரிசெய்கிறதா? பாதிதான். முன்பு பேரில்லாத 'நாட்டுப்புறம்' ஆக்கி அவரை மறைத்தார்கள். இப்போது தனிமேதை ஆக்கி அவரைச் சுற்றியிருந்தவர்களை மறைக்கிறார்கள். அங்கீகாரம் என்ற பெயரில் ஒருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கூட வந்தவர்களை வாசலில் நிறுத்துகிற வேலை இது. ஆனாலும் தனிமேதை என்ற கருத்தாக்கமே முதலாளியத்தின் சரக்கு என்று சொல்லி டயலின் பெயரை உடனே அழித்துவிடத் துடிக்கிற நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பெயரே மறுக்கப்பட்டவன் கையெழுத்துப் போடுவது அரசியல்தான். 'ஆசிரியனின் மரணத்தை' அவன் வாசலில் போய் அறிவிப்பது அபத்தம்.

2014இல் தென்மாநிலக் கறுப்பினக் கலைஞர்களின் 57 வேலைகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் போயின. 2018இல் அவற்றிலிருந்து தேர்ந்தவற்றை வைத்தபோது டயல் உயிரோடு இல்லை, 2016 ஜனவரியில் இறந்துவிட்டார். 'வரலாறு சாக மறுத்தது' என்ற அவரது 2004ஆம் ஆண்டு வேலையின் பெயரையே கண்காட்சிக்கும் வைத்தார்கள். அந்த வேலையில் காய்ந்த வெண்டைத் தண்டுகளும் வேர்களும் இருக்கின்றன. வெண்டை, அடிமை வியாபாரத்தோடு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த பயிர். பக்கத்தில் கீஸ் பெண்ட் போர்வைகளும் தொங்கின.

இந்தப் பக்கத்து இருப்பைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் அடைமொழிகளை எதிர்க்கிறோம், சரி. அதோடு நிறுத்தினால் கிடைப்பது ஒரு தனிமனிதனுக்கான நாற்காலி. அவன் யார் யாரிடம் கற்றான் என்று பேர் சொல்லிக் கேட்கும்போதுதான் அருங்காட்சியகத்தின் சுவர் கொஞ்சமாவது நகரும்.