'கடிகாரம்' என்னும் உவமை

ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டதை ஒட்டி, 'உடற்கடிகாரம்' என்னும் சொல் நம் அறிவியல் கட்டுரைகளில் பரவலாக இடம்பெறலாயிற்று. அச்சொல்லின் பொருத்தத்தை நாம் சற்றே உரைத்துப் பார்க்க விழைகிறோம். உவமை பிழைத்தால் விளக்கம் பிழைக்கும்; விளக்கம் பிழைத்தால் பழி தகாத இடத்தில் போய் விழும்.

அரபியில் 'ஸாஅத்' என்பது நேரத்தின் ஒரு பகுதியையும், அதனை அளக்கும் கருவியையும் ஒருங்கே சுட்டும். தமிழில் கடிகாரம் கருவி மட்டுமே. அது காலத்தைக் காட்டும்; வேறெதுவும் செய்யாது. சுவரில் அது நின்றுபோனாலும் அடுப்பில் உலை கொதிக்கும்.

உடலில் நிகழ்வதோ வேறு. உயிரணுவின் உட்கருவில் கிளாக், பிமால்1 என்னும் இரு புரதங்கள் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் பொருந்தி, பீரியட், கிரிப்டோகுரோம் மரபணுக்களைத் தூண்டுகின்றன. அவற்றால் விளையும் புரதங்கள் பெருகி, உட்கருவுக்குத் திரும்பி, தம்மைத் தோற்றுவித்த இணையையே தடுக்கின்றன. பின்னர் அவை சிதைய, தடை நீங்கிச் சுற்று மீண்டும் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். இதே இணை வேறு பல மரபணுக்களையும் வேளைக்கேற்ப இயக்குகிறது. எலியின் 12 உறுப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்று, புரதம் ஆக்கும் மரபணுக்களில் 43 விழுக்காடு ஏதேனும் ஓர் உறுப்பிலாவது நாள்தோறும் இவ்வாறு ஏறி இறங்குவதைக் காட்டியது.

எனவே, 'கடிகாரம் மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது' என்பது பாதி உண்மையே. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே குடியினர். பழ ஈயின் ஒரே மரபணுவில் நேர்ந்த வெவ்வேறு மாற்றங்களால் அதன் நாள் 19 மணியாகச் சுருங்குவதையும், 28 மணியாக நீள்வதையும், அடியோடு குலைவதையும் 1971இல் கொனோப்காவும் பென்சரும் கண்டது இதற்குச் சான்று.

கடிகாரம் ஒன்றே என்பதும் மயக்கம். மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி, கண்வழி வரும் ஒளியால் நாள்தோறும் திருத்தம் பெறுகிறது. கல்லீரலின் அணுக்களிலும் அதே சுற்று ஓடுகிறது. அதுவோ உணவு வேளைக்குப் பெரிதும் இசைகிறது. இரவில் உழைத்து இரவில் உண்பவரிடம் இவ்விரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகக்கூடும்.

இங்கேதான் உவமை தீங்கு விளைக்கிறது. கடிகாரம் என்றதும் முள்ளைத் திருப்பி வைத்துவிடலாம் என்னும் எண்ணம் எழுகிறது. இரவுக் காவலரும் செவிலியரும் பகலில் உறக்கம் வாராமல் தவிப்பது அவர்களது ஒழுங்கின்மையாகிவிடுகிறது. நாள்முறையைக் குலைக்கும் சுழற்பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் எனும் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வைத்தது. 2019இல் இரவுப் பணியை அதே வரிசையில் நிறுத்தியது. அத்தீர்ப்பு வேலையைப் பற்றியதேயன்றி, வேலை செய்பவரின் பழக்கத்தைப் பற்றியதன்று.

நாம் பரிந்துரைக்கும் சொல் 'முறை'. அது ஒழுங்கையும் குறிக்கும். முறைவைத்து நீர் பாய்ச்சுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வாய்ப்புப் பெறுவதையும் குறிக்கும். மடையைத் தவறான வேளையில் திறக்கச் செய்துவிட்டு, வாடிய பயிரை நோவது அறமாகாது.