நிலமும் பொழுதும் நெகட்டிவும்: சேலம் மாவட்டப் பழைய நிலக்காட்சிப் படங்களை மறுவாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இடத்தின் பழைய ஒளிப்படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்து, அந்நிலம் வளமிழந்தது என்றோ மாறாதிருக்கிறது என்றோ முடிவு கூறுவது சூழலியல் எழுத்திலும் வட்டார வரலாற்றெழுத்திலும் வழக்கமாகிவிட்டது. அத்தகைய முடிவு எந்த அளவுக்குச் செல்லும் என்பதை, லின்னியஸ் டிரைப் 1858இல் வெளியிட்ட சேலம் மாவட்டப் படத்தொகுப்பை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சுப்படியை மட்டும் சான்றாகக் கொள்வது போதாது. நெகட்டிவையும் படம் எடுத்த பொழுதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: நிலக்காட்சி ஒளிப்படம், நெகட்டிவ், சேலம், நாமக்கல், முதற்பொருள், லின்னியஸ் டிரைப், மா. கிருஷ்ணன்

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்துக் காண்பதும் அம்மரபின் வழக்கே. இலக்கிய ஆய்வில் நாம் தவறாது கடைப்பிடிக்கும் இவ்விணைப்பு, ஒளிப்படத்தைச் சான்றாகக் கையாளும்போது மறக்கப்படுகிறது. படத்தின் கீழ் ஊர்ப்பெயர் இருக்கும். ஆண்டும் சில வேளை இருக்கும். திங்களும் வேளையும் பெரும்பாலும் இரா. இக்குறை சேலம், நாமக்கல் சமவெளி போன்ற வறட்சியும் பருவமழையும் மாறிமாறி ஆளும் நிலத்தில் பெரும்பிழைக்கு இடம் தருகிறது.

டிரைப்பின் சேலம் தொகுப்பு

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்த லின்னியஸ் டிரைப், 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனப் பயணம் செய்தார். அப்பயணத்தின் பயனாக 1858இல் வெளிவந்த தொகுப்புகளுள் ஒன்று, ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது.

இத்தொகுப்பின் தலைப்பிலுள்ள சேலம் மாவட்டம் இன்றைய சேலம் மாவட்டம் அன்று. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் சேலத்திலிருந்து பிரிந்தன. ராயக்கோட்டை, 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்குகிறது. ஆவணப் பட்டியலில் இன்றைய மாவட்டப் பெயரால் தேடும் ஆய்வாளருக்கு இத்தொகுப்பு தட்டுப்படாமல் போகலாம்.

ராயக்கோட்டை தேர்வுபெற்றதும் தற்செயல் எனத் தோன்றவில்லை. மூன்றாம் மைசூர்ப் போரில் 1791இல் கம்பெனிப் படை கைப்பற்றிய மலைக்கோட்டை அது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்வழிப் பாராமகாலும் சேலமும் கம்பெனிக்குக் கிடைத்தன. படை அதிகாரி ஒருவர், தம் படை வென்ற மலையை அரசுச் செலவில் படமாக்குகிறார். சமவெளியின் ஏரியும் கழனியும் இருக்க, மலைக்கோட்டை தலைப்பில் இடம்பெற்றதை இப்பின்னணியோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

நெகட்டிவ் கூறுவன

டிரைப் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களை மிகுதியாகப் பயன்படுத்தினார். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மிகுதியாகவும், பச்சைக்கும் சிவப்புக்கும் மிகக் குறைவாகவும் வினைபுரிந்தது. இதனால் மூன்று விளைவுகள் நேர்ந்தன.

முதலாவது, வானம் அச்சில் வெறும் வெண்மையாகத் தங்கியது. அவ்வெறுமையைப் போக்க டிரைப் நெகட்டிவின்மீதே நிறமி பூசி முகில்களை வரைந்தார். பர்மாப் படங்கள் தொட்டே அவரிடம் இவ்வழக்கம் உண்டு. ஆகவே அவர் படத்தில் காணும் முகில், அன்று அவ்வூரின்மேல் நின்ற முகில்தான் என்பதற்கு உறுதியில்லை. அச்சை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படுவது அரிது. நெகட்டிவை ஒளிக்கு எதிரே வைத்து நோக்கினால் நிறமியின் தடம் தெரியும்.

இரண்டாவது, செம்மண்ணும் இலைப்பசுமையும் ஒருங்கே இருண்டு பதிந்தன. சேலம், நாமக்கல் சமவெளியைப் பொறுத்தவரை இதுவே முதன்மையானது. செம்மண் தரிசையும் பயிர் நின்ற வயலையும் அத்தகைய படத்தில் நிறச்செறிவு கொண்டு பிரித்தறிய இயலாது. கருமை மிகுந்திருப்பதால் அங்கே பசுமை மிகுந்திருந்தது என்று வாதிப்பது வேதியியலை வேளாண்மையாகக் கொள்வதாகும்.

மூன்றாவது, ஒளிபடும் நேரம் நெடியதாக இருந்தமையால் அசைந்த ஆளும் ஆடுமாடும் தெளிவாகப் பதியவில்லை. அப்படங்களின் ஆளற்ற தோற்றத்தில் கருவியின் குறைக்கும் பங்குண்டு, படம் எடுத்தவரின் விருப்பத்துக்கும் பங்குண்டு. ஆளில்லாப் படத்தை ஆளில்லா நிலத்துக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

இவற்றோடு பொழுதும் சேர்கிறது. ராயக்கோட்டைப் படங்கள் 1857 டிசம்பர், 1858 சனவரிக் காலத்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குளங்களில் நீர் நிற்கக்கூடிய காலம் அது. அதே இடத்தை ஏப்ரல் வெயிலில் இன்று படமெடுத்து அருகே வைத்தால், நூற்றறுபது ஆண்டுகளின் அழிவெனத் தோன்றுவதில் ஒரு பகுதி வெறும் நான்கு மாத வேறுபாடாகவே இருக்கும். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கருத்து. பாலையை நிலையான நிலமாகக் கொள்ளாமல் நிலத்தின் ஒரு நிலையாகக் கண்ட அப்பார்வை, படங்களை ஒப்பிடுவோருக்கும் வேண்டும். மேட்டூர் அணையில் நீர் தாழும்போது பண்ணவாடியில் பழைய நந்தி வெளிப்படுவதும், நீர் உயர்ந்ததும் மறைவதும் அறிந்ததே. நாளும் நீர்மட்டமும் குறிக்கப்படாத அணைப்படம் எதையும் நிறுவாது.

மறுபார்வையும் அதன் எல்லையும்

டிரைப்பை உலகம் மீண்டும் கண்டது 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் நடந்த கண்காட்சியாலும், ரோஜர் டெய்லர், கிரிஸ்பின் பிரான்ஃபுட் ஆகியோரின் நூலாலும் ஆகும். நெகட்டிவில் அவர் செய்த திருத்தங்களைக் கவனப்படுத்தியது அம்முயற்சியின் பெரும் பேறு. எனினும் அத்திருத்தங்கள் கலைத்திறனின் அடையாளமாக மதிக்கப்படும்போது, படத்திலுள்ள நிலம் கலைஞரின் பெருமைக்குப் பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. அதே திருத்தத்தை நிலத்தின் வரலாற்றை எழுதுவோர் சான்றின் எல்லைக்கோடாகக் கொள்ள வேண்டும். அப்பணி தமிழாய்வாளருக்கு உரியது.

படச்சுருள் காலத்துக்கு மா. கிருஷ்ணன் (1912–1996) தக்க எடுத்துக்காட்டு. வண்ணப்படம் பரவிய பின்னரும் அவர் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே பதிவு செய்தார். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2006இல், அவர் படங்களும் எழுத்தும் ஆங்கிலத்தில் ஒரே நூலாக வெளிவந்தன. அவர் காலத்துப் படச்சுருள் எல்லா நிறங்களுக்கும் வினைபுரிவது; ஆதலால் அதன் கருமை வெண்மையை டிரைப்பின் கருமை வெண்மையோடு நேரே ஒப்பிடல் ஆகாது. கிருஷ்ணனின் தனிச்சிறப்பு வேறொன்றில் உள்ளது. விலங்கு, இடம், பருவம், நடத்தை ஆகியவற்றைப் படத்தோடு எழுத்திலும் அவர் பதிந்து வைத்தார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளும் இதற்குச் சான்று. முதற்பொருளின் இரு கூறுகளும் எழுத்தில் நிற்பதால், அப்படங்கள் அழகுக்கு அப்பால் சான்றாகவும் பயன்படுகின்றன.

எஞ்சும் உறுதிப்பாடு

இவ்வளவு ஐயத்துக்குப் பின் பழைய படத்தில் எதைத்தான் நம்புவது? மலையின் புறவரையை நம்பலாம். நிறச்செறிவு பூச்சுக்கு ஏற்பவும் பசுமை பருவத்துக்கு ஏற்பவும் மாறும். பாறை விளிம்பு அவ்வாறு மாறாது. நெகட்டிவில் வானம் திருத்தப்பட்டிருந்தால் விளிம்பை ஒட்டி நிறமி படர்ந்துள்ளதா என்று மட்டும் சரிபார்த்தால் போதும். நாமக்கல் பாறை, சங்ககிரி, திருச்செங்கோடு, கஞ்சமலை எனச் சமவெளியில் தனித்து எழும் குன்றுகள் நிறைந்த இவ்வட்டாரத்தில், முன்குன்றும் பின்குன்றும் ஒன்றையொன்று மறைக்கும் அளவைக் கொண்டு பழைய கேமரா நின்ற இடத்தை ஏறக்குறையக் கண்டறியலாம். அவ்விடத்தில் நின்று எடுத்த புதிய படத்தில் குன்றின் விளிம்பு குறைந்திருந்தால், அதைப் பருவத்தின்மேலோ பூச்சின்மேலோ ஏற்றிச் சொல்ல முடியாது. அது வெட்டி எடுக்கப்பட்ட கல். கல்லுடைப்பும் சுரங்கமும் வழக்குப் பொருளாகியுள்ள மாவட்டங்களில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

முடிவுரை

ஏரி, பனை, குன்று குறித்த இன்றைய வாதங்களில் பழைய படங்கள் மேன்மேலும் எடுத்துக்காட்டப்படும். பருவம் மாறிய ஓர் இணைப்படம் பிழையென்று காட்டப்பட்டால், அதனோடு உண்மையான இழப்பும் ஐயத்துக்கு உள்ளாகும். எனவே நிலத்தின் பக்கம் நிற்போரே சான்றைக் கடுமையாக நோக்க வேண்டியவர்கள்.

இதற்குக் காலமும் குறைவு. அசிட்டேட் படச்சுருள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, புளிகாடி நாற்றம் வீசிச் சுருங்கும். ஒருமுறை தொடங்கிய சிதைவை மீட்க இயலாது, குளிர்ந்த உலர்ந்த சேமிப்பால் தாமதிக்க மட்டுமே இயலும். ஆகவே வீடுகளிலும் ஸ்டூடியோக்களிலும் உள்ள நெகட்டிவ்களைச் சட்டகம் முழுவதும் தெரிய, ஓரம் வெட்டாமல் மின்படியாக்க வேண்டும். உறையில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியெடுக்க வேண்டும். இடத்தின் அன்றைய, இன்றைய மாவட்டப் பெயர்கள் இரண்டையும் குறிக்க வேண்டும். எடுத்தவர் உயிரோடிருந்தால் எந்தத் திங்கள், எந்த வேளை என்று கேட்டு எழுத வேண்டும். துறைதோறும் ஆய்வேட்டுக்குக் களப்பணி செய்யும் மாணவர்கள் இதைத் தம் கேள்விப்பட்டியலில் சேர்த்துக்கொண்டாலே ஒரு மாவட்டத்தின் படச்சான்று உருவாகத் தொடங்கும்.