உருவப்படத்தை முதலில் பார்ப்பது யார்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போனவர்கள் கண்ணாடிக் கிணற்றை எட்டிப் பார்த்திருப்பார்கள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, ஆண்டாள் தன்னைப் பார்த்துக்கொண்டது அந்தத் தண்ணீரில்தான் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. தன் உருவத்தை முதலில் பார்த்தவள் அவளே. நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொண்டது பெண்ணுடலின் இன்னொரு உருவப்படத்தை.

2000 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் சார்ல்ஸ் பெரூ, தெரேசே சோர்லி முதலான அமெரிக்க, நார்வே ஆய்வாளர்களின் கட்டுரை வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘மனித மார்பகக் கட்டிகளின் மூலக்கூறு உருவப்படங்கள்’. 42 பேரிடம் எடுத்த 65 திசு மாதிரிகளில் 8,102 மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று அளந்தார்கள். மரபணு வெளிப்பாடு என்பது இதுதான்.

ராஜபாளையத்து நூல் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். புளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் எல்லாவற்றிலும் ஒரே தடித்த கையேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோரிடத்திலும் திறந்திருக்கும் பக்கங்கள் வேறு. அந்தப் பக்கங்களைப் பார்த்தே அது எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம். மார்பகச் செல்லிலும் ஈரல் செல்லிலும் மரபணுக்கள் ஒன்றுதான்; எவை திறந்திருக்கின்றன என்பதே செல்லின் அடையாளம். புற்றுநோயில் மூடியிருக்க வேண்டிய பக்கங்கள் திறந்துகொள்கின்றன, திறந்திருக்க வேண்டியவை மூடிக்கொள்கின்றன.

மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல, பல நோய்கள் என்று அந்தக் கட்டுரை காட்டியது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரே பெண்ணிடம் எடுத்த மாதிரிகள், மற்றவர்களின் மாதிரிகளைவிடத் தங்களுக்குள்தான் அநேகமாக ஒத்திருந்தன.

பெயர்களில் நடந்ததுதான் என்னை நிறுத்தியது. டிரிபிள் நெகட்டிவ் என்ற பெயரில் இருப்பது மூன்று ‘இல்லை’: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லை, ஹெர்-2 மிகை இல்லை. பிள்ளையில்லாதவள், தாலியில்லாதவள் என்று இல்லாததைக் கொண்டே பெயர் வாங்கிப் பழகியவர்கள் நாம். இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமக்கென்று செயல்படும் மரபணுத் தொகுதி இருக்கிறது என்பதை வெளிப்பாட்டு ஆய்வு காட்டியது. இல்லாததைத் தேடும் பார்வை, இருப்பதைப் பார்க்கும் பார்வையாக மாறியது. இந்தியப் பெண்களிடம் இவ்வகை மேலைநாடுகளைவிட அதிகம் காணப்படுவதால் நமக்கு இது முக்கியம்.

அதே கட்டுரை ‘இயல்பையொத்தது’ என்றும் ஒரு வகையைப் பிரித்தது. மாதிரியில் நல்ல திசு மிகுதியாகக் கலந்ததால் வந்த தோற்றமாக அது இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் ஐயப்பட்டார்கள். ‘இயல்பு’ என்ற சொல் ஆய்வகத்திலும் நம்பத் தகுந்ததல்ல.

இந்த அறிவால் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? 21 மரபணுக்களை அளக்கும் ஆன்கோடைப் சோதனையை வைத்து நடந்த டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 மிகையில்லாத, அக்குள் நிணநீர்க் கணுவுக்குப் பரவாத புற்றுநோய் கொண்டவர்களில் நடுத்தர மதிப்பெண் பெற்ற பலருக்கு ஹார்மோன் சிகிச்சையே போதும், கீமோ தேவையில்லை என்றது. 50 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு மட்டும் கீமோவால் பயன் இருந்தது. உதிராத முடியும் குமட்டாத வயிறும் சின்ன விஷயமல்ல. ஆனால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்த அந்த ஆய்வு நடந்த ஆறு நாடுகளில் இந்தியா இல்லை. சோதனைக்கு ஆகும் செலவோ லட்சக்கணக்கில். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குப் போகிறது. நெய்தவளின் கட்டிக்கு இந்தச் சோதனை எட்டாது.

உருவப்படத்தின் சட்டத்துக்கு வெளியேயும் ஒன்று நிற்கிறது. இரவு ஷிப்ட் வேலையை ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இலும் அதையே சொன்னது. சான்றுகள் இன்னும் முழுமையானவை அல்ல. ஆனாலும் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அளக்கும் அறிவியல், அவள் எத்தனை இரவு விழித்திருந்தாள் என்றும் கேட்க வேண்டாமா? வெளிப்பாடு என்பது தலையெழுத்தல்ல, சூழலுக்கேற்ப மாறுவது. செல்லை மட்டும் பார்த்துவிட்டு வாழ்க்கையை விட்டுவிட்டால், பழைய ‘விதி’யே புதிய பெயரில் திரும்பி வரும்.

லட்சங்கள் இல்லாவிட்டாலும் கேட்கக்கூடியது உண்டு. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகிய மூன்று சோதனைகளும் அதே உருவப்படத்தின் பென்சில் கோடுகள். அவற்றின் முடிவு என்ன, கீமோ எனக்கு எதற்காக, தவிர்த்தால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்கலாம். நம் வீடுகளில் ரிப்போர்ட் முதலில் மகன் கைக்கோ அண்ணன் கைக்கோ போகிறது. அம்மாவிடம் “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தை முதலில் அவள் கையில் கொடுங்கள்.